மலைகள் பிரித்ததனால்தான் கிரேக்கர்கள் தனித்தனி நகர அரசுகளாக வாழ்ந்தார்களா?

கேள்வி: மாலை வகுப்பு ஆசிரியை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். நம் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் சிலருக்கு மாலை வேளைகளில் வரலாற்றுப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். படிவம் ஒன்றில் கிரேக்க நாகரிகம் வருகிறது. பிள்ளைகளிடம் உள்ள தேர்வுக் குறிப்புகளில், கிரேக்கம் மலைகள் நிறைந்த நாடு, மலைகள் மக்களைப் பிரித்தன, ஆகவே நகர அரசுகள் தோன்றின என்று மூன்றே வரிகளில் விஷயம் முடிந்துவிடுகிறது. மதிப்பெண் வாங்க அது போதும். ஆனால் என் மாணவி ஒருத்தி, “மலை பிரித்துவிட்டது என்றால், எல்லாரும் ஒரே மொழி பேசி, ஒரே சாமிகளைக் கும்பிட்டு, ஒரே இடத்தில் கூடி ஓட்டப்பந்தயம் வைத்தது எப்படி, டீச்சர்?” என்று கேட்டாள். அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதோடு எனக்கும் ஓர் ஐயம் உண்டு. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் ஒரே வகையான கற்பாறை நாட்டில்தான் இருந்தன. அப்படியிருக்க, ஒன்று மக்களாட்சிக்கும் மற்றொன்று படைமுகாம் போன்ற வாழ்க்கைக்கும் பெயர் பெற்றது எதனால்? மேலும், மன்னர்களையும் போர்களையும் விட்டுவிட்டு, அந்த நிலம் சாதாரண மக்களின் சாப்பாட்டையும் வேலையையும் எப்படி அமைத்தது என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், கோல கங்சார்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். குறிப்புகளில் உள்ள அந்த வரி முழுப் பொய் அன்று. கிரேக்க நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மலையும் குன்றுமாகத்தான் இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பிண்டஸ் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. ஒலிம்பஸ் மலையின் உயரம் 2,917 மீட்டர். சமவெளிகள் சிறியவை, அவற்றுள் பல, மலைகளால் சூழப்பட்டுக் கடலை நோக்கி மட்டும் திறந்திருப்பவை. அத்தகைய ஒரு சமவெளி, அதன் நடுவே அரண் அமைக்கத் தோதான ஒரு குன்று, பக்கத்தில் கப்பலைக் கரையேற்ற ஒரு மணற்கரை ஆகிய மூன்றும் அமைந்தால் ஒரு நகர அரசு உருவாகப் போதுமானதாக இருந்தது. கருங்கடலிலிருந்து ஸ்பெயின் கரை வரை இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகர அரசுகள் இருந்தன என்பதை ஆய்வாளர்கள் பட்டியலிட்டே காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ‘மலை பிரித்ததனால்தான்’ என்று அடித்துச் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஈஜியன் கடலில் கியா என்றொரு தீவு உண்டு. அதன் பரப்பு ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர்தான். நம் பினாங்குத் தீவில் பாதிகூட இல்லை. அந்தச் சிறு தீவில் நான்கு நகர அரசுகள் இருந்தன. ரோட்ஸ் தீவில் இருந்த மூன்று நகரங்கள் கி.மு. 408-இல்தான் ஒன்றிணைந்தன. ஏதென்ஸுக்கு வடக்கேயுள்ள பொயோட்டியாவின் சமவெளிகளை உயர்ந்த மலைச்சுவர் எதுவும் துண்டாடவில்லை. ஆயினும் அங்கே பத்துக்கும் மேற்பட்ட நகர அரசுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. அவற்றுள் தீப்ஸுக்கும் பிளாட்டியாவுக்கும் இடையே இருந்த தொலைவு 70 ஸ்டேடியா, அதாவது சுமார் 13 கிலோமீட்டர் என்று அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே இருந்த பகை, கி.மு. 427-இல் பிளாட்டியா அழிவதில் போய் முடிந்தது. மறுபுறம் ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிக்காப் பகுதியைப் பாருங்கள். ஹைமெட்டஸ், பென்டெலிகஸ், ஐகலியோஸ் என்று உள்ளேயே மலைகள் குறுக்கிடும் அந்த 2,500 சதுர கிலோமீட்டர் நிலம் முழுவதும் ஏதென்ஸ் என்ற ஒரே அரசாக இருந்தது. மலை இல்லாத இடத்தில் பிரிவும், மலை உள்ள இடத்தில் ஒற்றுமையும் இருக்கும்போது, எல்லாப் பழியையும் மலையின் தலையில் போடுவது நியாயமாகாது.

மலை கடக்க முடியாத சுவராகவும் இருக்கவில்லை. சோபோகிளிசின் ஈடிப்பஸ் நாடகத்தில் கதையின் முடிச்சே மலைமேல்தான் விழுகிறது. கொரிந்து நாட்டு மேய்ப்பன் ஒருவனும் தீப்ஸ் நாட்டு மேய்ப்பன் ஒருவனும் கித்தாயிரன் மலையில், வசந்தம் தொடங்கி இலையுதிர் காலத்தில் ஒரு குறிப்பிட்ட விண்மீன் எழும் வரை ஆறு மாதம் ஒன்றாக மந்தை மேய்க்கிறார்கள். குளிர்காலம் வந்ததும் அவரவர் பட்டிக்கு இறங்கிவிடுகிறார்கள். ஏடு அறிந்தவர்களுக்கு எல்லையாக இருந்த மலை, ஆடு மேய்த்தவர்களுக்குச் சந்திக்கும் இடமாக இருந்தது. கி.மு. 490-இல் ஏதென்ஸின் தூதோட்டக்காரர் ஒருவர் ஸ்பார்ட்டாவுக்கு ஓடி மறுநாளே போய்ச் சேர்ந்தார் என்று வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொல்கிறார். அந்தத் தொலைவு ஏறக்குறைய 240 கிலோமீட்டர், வழியெல்லாம் மலை.

உங்கள் மாணவியின் கேள்விக்குப் பதில் கடலில் இருக்கிறது. கிரேக்கத்து ஆறுகள் பெரும்பாலும் குளிர்கால மழையில் சீறிப் பாய்ந்து கோடையில் கூழாங்கல் படுகையாக வற்றிவிடுபவை. அவற்றில் படகு விட்டு உள்நாட்டுக்குள் போக முடியாது. பாரத்தை வண்டியில் ஏற்றி மலைப்பாதையில் இழுப்பதைவிடக் கப்பலில் ஏற்றிக் கரையோரமாகக் கொண்டு செல்வது பலமடங்கு மலிவு. ஈஜியன் கடலில் தீவுகள் நெருங்கிக் கிடப்பதால், தெளிந்த வானிலையில் ஒரு தீவு கண்ணிலிருந்து மறைவதற்குள் அடுத்த தீவு தெரிந்துவிடும். கிரேக்கர்கள் கடலைச் சுற்றி வாழ்வதைக் குளத்தைச் சுற்றி வாழும் எறும்புகளுக்கும் தவளைகளுக்கும் ஒப்பிட்டார் தத்துவஞானி பிளேட்டோ. மொழியும் சாமியும் விளையாட்டும் பயணம் செய்தது இந்தக் குளத்தின் வழியாகத்தான். அந்த ஓட்டப்பந்தயம் நடந்த ஒலிம்பியாவுக்கு மலை ஏறி வந்தவர்களைப் போலவே, சிசிலியிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் கப்பலில் வந்தவர்களும் இருந்தார்கள்.

ஆனாலும் அந்தக் கடல் ஆண்டு முழுவதும் திறந்திருக்கவில்லை. குளிர்காலப் புயலில் பாய்மரம் விரிப்பவன் உயிர்மேல் ஆசையில்லாதவன். கோடைக் கதிர்த்திருப்பத்துக்கு (ஆண்டின் மிக நீண்ட பகலுக்கு) பிறகு வரும் ஐம்பது நாள்களே கப்பலோட்ட நல்ல காலம் என்று கவிஞர் ஹெசியட் அறிவுரை சொல்கிறார். இவ்வளவும் சொன்னவர், தாம் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கப்பல் ஏறியதாகவும் அதே பாடலில் சொல்லிக்கொள்கிறார். அந்தப் பயணமும் யூபியா தீவைக் கரையிலிருந்து பிரிக்கும் மிகக் குறுகிய நீரிணையைக் கடந்ததுதான். அவருடைய தந்தையோ வறுமை தாங்காமல் ஆசிய மைனர் கரையிலிருந்து கடல் கடந்து வந்து, பொயோட்டியாவில் அஸ்க்ரா என்ற சிற்றூரில் குடியேறியவர். குளிர்காலத்தில் மோசம், கோடையில் கொடுமை, எந்தக் காலத்திலும் நன்றாக இருந்ததில்லை என்று அந்த ஊரைப் பற்றி மகன் எழுதிவைத்திருக்கிறார்.

மறுமொழி: முன்னாள் தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

ஐயா விரிவாக எழுதிவிட்டார். ஆசிரியை கேட்ட மூன்றாவது விஷயமான சாப்பாட்டையும் வேலையையும் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். தோட்டத்து அலுவலகத்தில் விளைச்சல் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு அந்தப் பக்கம்தான் கண் போகிறது.

ஏதென்ஸில் ஆண்டு மழை சராசரியாக 400 மில்லிமீட்டர் அளவுதான். அதுவும் பெரும்பாலும் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பெய்துவிடும்; கோடையில் துளி மழை அரிது. ஆகவே இலையுதிர் கால முதல் மழைக்கு உழுது விதைத்து, கோடையின் தொடக்கத்தில் அறுவடை செய்தார்கள். கொக்குக் கூட்டம் கத்திக்கொண்டு பறப்பது கேட்டால் ஏரைப் பூட்டு என்பது ஹெசியட் சொல்லும் கணக்கு. மழை ஓர் ஆண்டு தாராளமாகவும் மறு ஆண்டு கஞ்சத்தனமாகவும் பெய்தது என்பதே அவர்களுடைய தீராத கவலை. கோதுமைக்கு ஈரம் கூடுதலாக வேண்டும். வாற்கோதுமை குறைந்த மழையையும் மெலிந்த மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். அதனால் அட்டிக்காவின் ஏழை வீடுகளில் வாற்கோதுமை மாவைப் பிசைந்து உருட்டிய ‘மாஸா’ தினசரி உணவாகவும், கோதுமை ரொட்டி வசதி உள்ளவர்களின் உணவாகவும் இருந்தன. பக்கத்தில் ஒலிவக்காய், அத்திப்பழம், பயறு, வெங்காயம், பாலாடைக்கட்டி, கிடைத்தால் மீன். தண்ணீர் கலந்த திராட்சை மது. இறைச்சி என்பது பெரும்பாலும் கோயிலில் பலியிட்ட நாளில் கிடைப்பது. மாடு வளர்க்கப் புல்வெளி போதாததால் ஆடுதான் அதிகம். பாலும் கம்பளியும் அதிலிருந்து வந்தன. அந்தத் தானியத்தைத் தினமும் கல்லில் அரைத்த வேலை பெண்களுடையதும் அடிமைகளுடையதும் ஆகும். பெரிய எழுத்தாளர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஒலிவ மரத்தைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த மண்ணின் குணம் முழுவதும் அதில் தெரிகிறது. நாம் செம்பனையைப் பார்த்துப் பழகியவர்கள். நட்டு மூன்றாம் ஆண்டில் குலை தள்ளுகிறது. பத்துப் பதினைந்து நாளுக்கொரு சுற்று வெட்டுகிறோம். இருபத்தைந்து ஆண்டில் உயரம் கைக்கு எட்டாமல் போனதும் மறுநடவு செய்துவிடுகிறோம். ஒலிவம் இதற்கு நேர்மாறு. நன்றாகக் காய்க்கவே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகலாம். ஆண்டுக்கு ஒரே அறுவடை, அதுவும் ஓர் ஆண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும். ஆனால் ஒருமுறை வேரூன்றிவிட்டால் பல நூற்றாண்டுகள் நிற்கும். தாத்தா நட்டதைப் பேரன் உலுக்குவான். இப்படிப்பட்ட மரத்தை நடுபவன், இந்த நிலம் தன் குடும்பத்தின் கையில் நிற்கும் என்று நம்பினால்தான் நடுவான். ஆகவே பகைவர் படையெடுத்து வந்து மரத்தை வெட்டுவது பயிரை எரிப்பதைவிடக் கொடிய செயலாகப் பார்க்கப்பட்டது. ஏதென்ஸில் தெய்வத்துக்கு உரியதாகக் கருதப்பட்ட ஒலிவ மரங்களைத் தோண்டியவனுக்கோ வெட்டியவனுக்கோ பழைய சட்டம் மரண தண்டனை விதித்தது. மரமும் இலேசில் சாகாது. அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து துளிர்க்கும். கி.மு. 480-இல் பாரசீகர்கள் ஏதென்ஸின் கோட்டைக்குன்றான அக்ரோபோலிஸை எரித்தபோது கருகிய அதீனா தெய்வத்தின் ஒலிவம் மறுநாளே ஒரு முழம் துளிர்விட்டிருந்தது என்று ஹெரடோட்டஸ் எழுதுவதில் ‘மறுநாளே’ என்பதை மட்டும் பக்தியின் கணக்கில் எழுதிவிட்டு மற்றதை நம்பலாம்.

எண்ணெய் சமையலுக்கு மட்டும் உரியதன்று. விளக்கெரிக்கவும், குளிக்கும்போது உடம்பில் தேய்த்து வழித்தெடுக்கவும், வாசனைப் பொருள் செய்யவும் அதுவே பயன்பட்டது. ஏதென்ஸின் பான்அதினேயா விழாப் போட்டிகளில் வென்றவர்களுக்குப் பரிசாகக் கொடுத்ததும் சாடி சாடியாக எண்ணெய்தான். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸில் சோலோன் என்ற தலைவர் இயற்றிய சட்டம், மண்ணில் விளைந்த பொருள்களில் ஒலிவ எண்ணெயைத் தவிர வேறெதையும் வெளியே விற்கக் கூடாது என்றது. மீறியவனை ஆட்சித் தலைவர் சபிக்க வேண்டும், சபிக்கத் தவறினால் அவரே 100 திராக்மா (வெள்ளி நாணயம்) கட்ட வேண்டும். எது மிஞ்சுகிறது, எது பற்றாக்குறை என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு கணக்குப் புத்தகமும் காட்டாது.

தானியம் பற்றாக்குறை என்பதற்கு இன்னொரு சான்று. கி.மு. 355-ஐ ஒட்டி ஏதென்ஸின் பேச்சாளர் டெமஸ்தனிஸ் ஆற்றிய வழக்குரை ஒன்றில், கருங்கடலின் வடகரையிலிருந்து ஆண்டுக்கு 4,00,000 மெதிம்னோஸ் தானியம் ஏதென்ஸுக்கு வருவதாகவும், அது மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வருவதற்கு ஈடானது என்றும் சொல்கிறார். ஒரு மெதிம்னோஸ் ஏறக்குறைய 52 லிட்டர். பெருக்கிப் பார்த்தால் இரண்டு கோடி லிட்டருக்கும் மேல். வழக்காடுபவர் சொல்லும் தொகை என்பதால் சற்றுத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். செய்தாலும் அது பெரிய தொகைதான். ஏதென்ஸ்வாசி ஒருவர் வேறு ஊருக்குத் தானியக் கப்பல் கொண்டு போனால் கடும் தண்டனை உண்டு. ஆண்டுக்குப் பத்துமுறை நடந்த மக்கள் மன்றத்தின் முதன்மைக் கூட்டங்களில் தானியத்தைப் பற்றிய பேச்சு கட்டாயமாக இடம்பெற்றது. நாட்டின் பாதுகாப்பும் அதே கூட்டங்களில்தான் பேசப்பட்டது.

சொந்த நிலம் சோறு போடாதபோது ஆள்களையே அனுப்பினார்கள். தீரா தீவில் ஏழாண்டு வறட்சி வந்தபோது, சகோதரர்கள் உள்ள வீடுகளில் சீட்டுக் குலுக்கி ஒருவனை ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பியதாகவும், போனவர்கள் இடம் சரிப்படாமல் திரும்பி வந்தபோது ஊர்க்காரர்களே அவர்கள்மீது ஆயுதங்களை எறிந்து விரட்டிக் கரையேற விடவில்லை என்றும் ஹெரடோட்டஸ் சொல்கிறார். கி.மு. 630-ஐ ஒட்டி உருவான சைரீன் நகரத்தின் கதை இது. கடல் கடந்து பிழைக்கப் போன வம்சத்தில் வந்த நமக்கு, அந்தப் படகில் இருந்தவர்களின் மனநிலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்: மாலை வகுப்பு ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. கியா தீவின் எடுத்துக்காட்டை நிச்சயம் வகுப்பில் சொல்வேன். ஆனால் ஏதென்ஸ், ஸ்பார்ட்டா பற்றிய என் ஐயம் அப்படியே இருக்கிறது. மழையும் மண்ணும் இரண்டு ஊர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே?

மறுமொழி: பல்கலைக்கழக மாணவி, விடுமுறையில் ஊரில்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஒன்றுதான் என்று சொல்ல முடியாது, அம்மா. ஸ்பார்ட்டா கடற்கரை நகரமே அன்று. அது யூரோட்டஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ளே ஒதுங்கியிருந்தது. அதன் துறைமுகமான கித்தியோன் நாற்பது கிலோமீட்டர் அளவுக்குத் தெற்கே இருந்தது. கிரேக்கத்தில் அபூர்வமாகக் காணப்படும் நல்ல விளைநிலம் அதனிடம் இருந்தது. மேற்கே 2,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த தேகெட்டஸ் மலையைத் தாண்டினால் அதைவிட வளமான மெஸ்ஸீனியா. நிலப்பசி வந்தபோது மற்ற நகரங்கள் கப்பலில் ஆள் அனுப்பின. ஸ்பார்ட்டாவோ தாரந்தம் என்ற ஒரு குடியேற்றம் தவிரப் பெரிதாகக் கடலுக்குப் போகவில்லை, கி.மு. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலையைத் தாண்டி அண்டை நாட்டைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்த மக்கள் ஹெலட்டுகள் என்ற பெயரில் மண்ணோடு கட்டிப்போடப்பட்ட உழவர்கள் ஆனார்கள். விளைச்சலில் பெரும்பங்கு ஸ்பார்ட்டாக் குடிமகனுக்குப் போனது. அவன் ஏர் பிடிக்காமல் ஈட்டி பிடித்தான். தன்னைவிட எண்ணிக்கையில் அதிகமானவர்களை அடக்கி வைத்திருந்ததால் ஈட்டியைக் கீழே வைக்கவும் அவனால் முடியவில்லை. ஆண்டுதோறும் புதிய அதிகாரிகள் பதவியேற்றதும் ஹெலட்டுகள்மீது முறைப்படி போர் அறிவிக்கும் வழக்கம்கூட இருந்தது. கி.மு. 464-ஐ ஒட்டிப் பெரும் நிலநடுக்கம் ஸ்பார்ட்டாவைச் சரித்தபோது ஹெலட்டுகள் கிளர்ந்தெழுந்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் கி.மு. 369-இல் தீப்ஸ் மெஸ்ஸீனியாவை விடுவித்தது. அந்த நிலம் கைவிட்டுப் போனபின் ஸ்பார்ட்டா பழைய வலிமைக்குத் திரும்பவே இல்லை.

அட்டிக்காவின் கதை மெலிந்த மண்ணின் கதை. வளமான நிலத்துக்குத்தான் சண்டையும் படையெடுப்பும் வரும். அட்டிக்காவின் மண் மெலிந்ததாக இருந்ததால் யாரும் அதற்கு ஆசைப்படவில்லை, அதனால் ஒரே குடிகள் நெடுங்காலம் அங்கேயே தங்கினார்கள் என்று துசிடிடிஸ் தம் வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுதுகிறார். வறுமையே வேலியாக இருந்தது என்ற அந்தக் கருத்து எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் அந்த மெலிந்த மண்ணின் தென்முனையில், லாரியானில், வெள்ளி இருந்தது. கி.மு. 483-ஐ ஒட்டிப் புதிய வெள்ளிப் படிவம் ஒன்று கிடைத்தபோது, குடிமகனுக்குத் தலைக்குப் பத்து திராக்மா என்று பங்கு போட்டுக்கொள்ளத்தான் பேச்சு நடந்தது. தெமிஸ்டக்கிளிஸ் என்ற தலைவர் குறுக்கிட்டு அந்தப் பணத்தில் போர்க்கப்பல் கட்டச் செய்தார். ஹெரடோட்டஸ் 200 கப்பல் என்கிறார். மூன்றாண்டுகளில் சாலமிஸ் நீரிணையில் பாரசீகக் கடற்படை தோற்றது. வெள்ளியைப் புவியியல் கொடுத்தது. அதை என்ன செய்வது என்பதை ஒரு கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்தார்கள். அன்று பத்து திராக்மா வென்றிருந்தால், நாம் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அந்த வெள்ளியை வெட்டியெடுத்தவர்கள் சுரங்கத்தில் வெந்த அடிமைகள் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்; பாடநூல்கள் கப்பலோடு நிறுத்திவிடுகின்றன.

ஒரு போர்க்கப்பலுக்கு 170 துடுப்புக்காரர்கள் தேவை. குதிரை வாங்கவும் கவசம் வாங்கவும் வக்கில்லாத ஏழைக் குடிமக்கள்தான் பெரும்பாலும் அந்தப் பலகையில் உட்கார்ந்தார்கள். கப்பலைத் தள்ளுபவர்களே நகரத்துக்கு வலிமை தருகிறார்கள், ஆகவே அவர்களுக்குப் பதவியிலும் பேச்சிலும் பங்கிருப்பது நியாயம்தான் என்று பெயர் தெரியாத ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அவர் மக்களாட்சியை வெறுத்தவர் என்பதுதான் வேடிக்கை. குதிரைப்படைக்கு ஏற்ற சமவெளி உள்ள இடத்தில் சிலராட்சி இயல்பாக அமையும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதும் இதே கணக்குத்தான். பரந்த சமவெளியும் குதிரையும் கொண்ட தெசலியைப் பெருங்குடும்பங்கள் ஆண்டன. கி.மு. 404-இல் ஏதென்ஸில் ஆட்சியைப் பிடித்த முப்பது கொடுங்கோலர்கள், மன்றத்தில் கடலைப் பார்த்திருந்த பேச்சு மேடையை நிலத்தைப் பார்க்கும்படி திருப்பிவிட்டதாகப் பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். கடல்தான் மக்களாட்சியின் தாய் என்று அவர்கள் எண்ணினார்களாம்.

மறுமொழி: சந்தேகி

தங்கை எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் நிலத்திலிருந்து வரவழைக்கும் ஆசை கிரேக்கர்களுக்கே உண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல் ஒன்று, ஆசியாவின் தட்பவெப்பம் மிதமாக இருப்பதால் அங்குள்ளவர்கள் கோழைகள் என்றும், கடுமையான பருவங்கள் மாறி மாறி வரும் ஐரோப்பாவில் வீரர்கள் பிறக்கிறார்கள் என்றும் வாதிடுகிறது. வெயில் நாட்டார் சோம்பேறிகள் என்று பின்னாளில் தோட்டத்துரைமார்கள் பேசியதும் இதன் பேரப்பிள்ளைதான். ஆகவே மண் உணவைத் தீர்மானிக்கும், கப்பல் போகும் பருவத்தைத் தீர்மானிக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்வது நலம். குணத்தைத் தீர்மானிக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், கோல கங்சார்

சந்தேகி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வகுப்புக்கு ஒரு பயிற்சியை மட்டும் சொல்கிறேன். வெற்று வரைபடம் ஒன்றைக் கொடுத்து, கிரிமியாவிலிருந்து ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் வரை தானியக் கப்பல் போகும் வழியைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். பாஸ்பரஸ், ஹெல்லஸ்பான்ட் என்ற இரண்டு குறுகிய நீரிணைகளிலும் கோடு ஊசிமுனையில் நுழைவதை அவர்களே பார்ப்பார்கள். பிறகு கி.மு. 405-இல் ஹெல்லஸ்பான்ட் கரையில், ஈகோஸ்பொட்டாமி என்ற இடத்தில், ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் ஏதென்ஸின் கடற்படையைப் பிடித்ததைச் சொல்லி, அடுத்து என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். முற்றுகையில் பட்டினி கிடந்த ஏதென்ஸ் மறு ஆண்டு சரணடைந்தது என்பதை அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இன்றைய கரையோரத்தை அப்படியே பழங்காலத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். புகழ்பெற்ற துறைமுகமான மிலெட்டஸ், ஆற்று வண்டல் கடலைத் தூர்த்துவிட்டதால் இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வயலுக்கு நடுவே கிடக்கிறது. தெர்மோபிலையில் கி.மு. 480-இல் மலைக்கும் கடலுக்கும் இடையே மிகக் குறுகிய பாதைதான் இருந்தது. ஸ்பெர்கியோஸ் ஆறு கொண்டுவந்த வண்டலால் இப்போது அங்கே அகன்ற சமவெளி இருக்கிறது. இன்றைய படத்தைக் காட்டினால், ஏறக்குறைய 7,000 கிரேக்கர்கள் பாரசீகப் பெரும்படையை எப்படி மறித்தார்கள் என்று எந்தப் பிள்ளையும் நியாயமாகவே கேட்கும். எனவே அந்த இடத்தில் மட்டும் கடலை மலையடிவாரம் வரை இழுத்து வரையச் சொல்லுங்கள். பின்பக்கமாகச் சுற்றிப்போக உள்ளூர்க்காரன் பாரசீகர்களுக்குக் காட்டிக்கொடுத்த மலைப்பாதையையும் புள்ளிக்கோடாகப் போட்டுவிடுங்கள்.